பனிப்பாறை படிக்க வீட்டுக் கடன்ல கை வைக்கலாமா?

தென்னாப்பிரிக்கா டர்பன் சாட்ஸ்வொர்த்துல இருந்து ஒரு டீச்சர் அக்கா எழுதியிருக்காங்க. வயசு 52, சம்பளம் மாசம் 35,000 ராண்ட். மக ஜியாக்ரஃபி ஹானர்ஸ் முடிக்கப் போறா, கிளேசியர் (பனியாறு), ஆர்க்டிக் துந்திரா (மரம் வளராத குளிர் நிலம்) ஆராய்ச்சிதான் பண்ணுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. ஒரு ஏஜெண்ட் இங்கிலாந்துல ஒரு வருஷ மாஸ்டர்ஸ், ஃபீஸ் 4,80,000 ராண்ட்னு சொல்லியிருக்கார். வீட்டு பாண்ட்ல (வீட்டுக் கடன்ல) இருந்து எடுத்துக் கட்டிடவா, இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமான்னு கேக்குறாங்க. இதே பாண்ட்ல இருந்து தம்பியோட பிக்கப் வண்டிக்கு 85,000, போன வருஷம் மகளோட வெளிநாட்டு ஃபீல்ட் கோர்ஸுக்கு 60,000 எடுத்தாச்சுன்னும் எழுதியிருக்காங்க.

அக்கா, மக ஆசைப்படுறதுல தப்பே இல்ல. எனக்கு பயமா இருக்கறது உங்க ஆக்சஸ் பாண்டைப் பத்தித்தான். லெட்டர்ல ரெண்டு இடத்துல "அதுல நம்ம பணம் இருக்கு"ன்னு எழுதியிருக்கீங்க. அது உங்க பணம் இல்லக்கா, நீங்க அடைச்ச கடனைத் திரும்ப வாங்கிக்கன்னு பேங்க் தர்ற வசதி, எடுத்த நிமிஷத்துல இருந்து வட்டி ஓடும். 11 சதவீதம்னு வச்சாலும் எடுத்த 1,45,000-க்கு வருஷம் 16,000 வட்டி மட்டும் போகுது, தம்பி அதுல ஒரு சென்ட்டாவது கட்டுறாரா?

இப்ப புதுசா கேக்குறதைப் பாப்போம். ஏஜெண்ட் சொன்னது ஃபீஸ் மட்டும்தான், அங்க தங்க, சாப்பிட இன்னும் ரெண்டரை லட்சம் கிட்ட ஆகும், ஆக 7,20,000-ன்னு வைங்க. 15 வருஷத்துக்குப் போட்டா மாசம் சுமார் 8,200, மொத்தமா கட்டி முடிக்கறப்ப 14 லட்சத்து 70 ஆயிரம், உங்க வயசு 67. பென்ஷன்ல இருந்து பாண்ட் கட்டுவீங்களா?

இத்தனை செலவு தேவையே இல்லங்கறதுதான் எனக்கு வயித்தெரிச்சல். துருவ ஆராய்ச்சியில பெரிய படிப்பு பிஎச்டிதான், அதுக்குப் பல நாட்டுல மாணவருக்குப் பணம் தர்றாங்க. நார்வேயில பிஎச்டிங்கறது சம்பள வேலை, யூனிவர்சிட்டி ஆள் எடுக்கற மாதிரி விளம்பரம் போட்டு எடுக்கும், வருஷம் 5 லட்சம் குரோனுக்கு மேல வரும். நம்ம கணக்குல எட்டு ஒன்பது லட்சம் ராண்ட், வரியும் விலைவாசியும் அங்க அதிகம்தான், ஆனா ஒரு பொண்ணு கடனில்லாம வாழலாம். ட்ரோம்சோ, ஓஸ்லோ, பெர்கன் மூணு ஊருலயும் இந்தத் துறை உண்டு. ஸ்வீடன்லயும் இப்படித்தான், அங்க தர்ஃபாலா ஆராய்ச்சி ஸ்டேஷன் பக்கத்துல ஸ்டோர்கிளாசியேரன்னு ஒரு கிளேசியரை 1946-ல இருந்து விடாம அளக்குறாங்க, அபிஸ்கோவுல துந்திரா ஆராய்ச்சி நடக்குது. ஒண்ணு கவனிங்க, நார்வேயில மாஸ்டர்ஸ் முன்ன மாதிரி இலவசம் கிடையாது, 2023-ல இருந்து நம்மள மாதிரி ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு ஃபீஸ் உண்டு, அதனால மாஸ்டர்ஸை இங்கயே முடிச்சுட்டு பிஎச்டிக்குப் போறதுதான் சரி.

மாஸ்டர்ஸுக்கு என்ஆர்எஃப் (நம்ம தேசிய ஆராய்ச்சி நிதி அமைப்பு) ஸ்காலர்ஷிப் இருக்கு, மார்க் நல்லா இருந்தா போடச் சொல்லுங்க, அதோட சூப்பர்வைசரோட ப்ராஜெக்ட் பணத்துல இருந்து பர்சரி (படிப்பு உதவித்தொகை) உண்டான்னு நேராவே கேக்கட்டும், கூச்சப்படறவங்களுக்குத்தான் கிடைக்காமப் போகுது. ஆராய்ச்சிக்கு இடமும் நம்மகிட்டயே இருக்கு. தெற்கே அண்டார்டிகா போற வழிக் கடல்ல இருக்கற மேரியன் தீவு நம்ம நாட்டுது, மரமே இல்லாத துந்திரா நிலம், மேல இருந்த நிரந்தரப் பனியும் கரைஞ்சு போச்சு. வருஷா வருஷம் எஸ்ஏ அகுல்ஹாஸ் 2 கப்பல்ல ஒரு டீம் போய் ஒரு வருஷத்துக்கு மேல தங்கும், அதுல ஃபீல்ட் அசிஸ்டண்ட் வேலைக்குச் சம்பளமும் உண்டு, தீவுல கடை கண்ணி இல்லாததால அப்படியே மிச்சமாகும். உறைஞ்சு உருகற மண்ணைப் பத்தி டிராக்கன்ஸ்பெர்க் உச்சியிலயும் லெசோத்தோ மேட்டுலயும் படிக்கலாம், டர்பன்ல இருந்து கார்லயே போயிடலாம். லேண்ட்சாட், சென்டினல் சாட்டிலைட் படம் எல்லாம் இலவசம், அதை வச்சு வீட்டு லேப்டாப்புலயே கிளேசியர் சுருங்கறதை அளக்கக் கத்துக்கலாம். அந்த ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப் போட்டு அலசற) திறமை பின்னாடி தண்ணி, சுரங்கம், முனிசிபாலிட்டி வேலைக்கும் உதவும், இதை நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா துருவ ஆராய்ச்சியில நிரந்தர வேலை ரொம்பக் கம்மி, பிஎச்டிக்கு அப்புறமும் ரெண்டு மூணு வருஷ கான்ட்ராக்டாத்தான் ஓடும். அப்படி ஓடற பொண்ணுக்குப் பின்னால கடன் இருக்கக் கூடாதுக்கா.

புரோக்கர் யாராவது வெளிநாட்டு எண்டோமென்ட் (இன்ஷூரன்ஸ் கம்பெனி சேமிப்பு) எஜுகேஷன் பிளான்னு சொன்னா வேண்டாம், அஞ்சு வருஷத்துக்கு நினைச்சபடி எடுக்க முடியாது, மகளுக்குப் பணம் தேவை அடுத்த ரெண்டு வருஷத்துல. டூ-பாட்ல (ஓய்வூதியச் சேமிப்புல ஒரு பகுதியை முன்கூட்டியே எடுக்கற வசதி) இருந்து எடுக்கலாம்னு சொன்னா அதையும் கேக்காதீங்க, உங்க சம்பளத்துக்கு 100 ராண்ட் எடுத்தா 31 ராண்ட் வரியாப் போயிடும்.

8,200 கட்டத் தயாரா இருந்தீங்கல்ல, அதுல 3,000-ஐ மகள் பேர்ல சாதாரண சேவிங்ஸ்ல போடுங்க. ரெண்டு வருஷத்துல 72,000, விசா, இங்கிலீஷ் டெஸ்ட், டிக்கெட், குளிர் சட்டைக்கு அது போதும். கணக்குப்படி பாண்ட்ல போட்டாத்தான் லாபம், ஆனா அங்க போட்டா நீங்க திரும்ப எடுப்பீங்க, அதனாலதான் தனியா போடச் சொல்றேன். இன்னொரு 2,000-ஐ எடுத்த கடனை அடைக்க பாண்ட்லயே கூடுதலாக் கட்டுங்க, ஆக்சஸ் வசதியை நிறுத்த முடியுமான்னு பேங்க்ல கேட்டு எழுதிக் கொடுங்க. தம்பிகிட்ட மாசம் 1,000-ன்னு டெபிட் ஆர்டர் போடச் சொல்லுங்க, மறுபடி கேட்டா "பேங்க்ல மூடிட்டேன்டா"ன்னு சொன்னா போதும், பொய்யும் இல்ல, சண்டையும் வராது.

சீட்டைப் பிடிக்க வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள 15,000 கட்டணும்னு ஏஜெண்ட் சொன்னதா எழுதியிருக்கீங்க. கட்டாதீங்க. அதுக்கு முன்னாடி மகளை டிபார்ட்மெண்ட்டுக்கு அனுப்பி, என்ஆர்எஃப்-க்கு யூனிவர்சிட்டி உள்ள வைக்கற கடைசித் தேதியைக் கேட்டு வரச் சொல்லுங்க, வெளிய போடற தேதியை விட அது முன்னாடியே முடிஞ்சிடும்.