மட்டக்களப்புப் பக்கம் பழைய தளபாடம் விற்பவர்கள் ‘ஒல்லாந்தர் காலத்துச் சாமான்’, ‘பட்டினா இருக்கு’ என்கிறார்களே, எதைப் பார்த்து நம்புவது?

‘ஒல்லாந்தர் காலத்து’ வேறு, ‘ஒல்லாந்தர் பாணி’ வேறு. விலை வித்தியாசம் முழுக்க அங்கேதான். ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தது 1638இல். இலங்கைக் கரையோரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது 1796இல். ‘காலத்து’ என்றால் இதற்குள் செய்திருக்க வேண்டும். ‘பாணி’ என்றால் வடிவம் மட்டும் அது, போன வருடம் செய்ததாகவும் இருக்கலாம். எந்தச் சொல் என்று பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் ‘காலத்து’ என்றவர் பேனை பிடித்ததும் ‘பாணி’க்கு இறங்குவதுண்டு. ‘அன்டீக்’ என்பது பொதுவாக நூறு வருடம் தாண்டியதற்குச் சொல்வது. 1940களில் செய்த சாய்மனைக் கதிரைக்கு அது பொருந்தாது.

முகப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். லாச்சியை முழுதாக வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். பலகைகள் மூலையில் புறா வால் போல விரிந்த பற்களால் கோர்த்திருப்பதுதான் புறாவால் மூட்டு. கையால் வெட்டியதில் பற்கள் ஒன்றுக்கொன்று சற்றுப் பெரிதும் சிறிதுமாக இருக்கும், உளி வைக்கக் கீறிய கோடும் தெரியும். எல்லாம் அச்சடித்த மாதிரி ஒரே அளவென்றால் இயந்திர வேலை. அடிப்பலகையில் வளைவு வளைவாக வாள் தடம் தெரிந்தால் அது வட்டவாளில் அறுத்த மரம், ஒல்லாந்தர் காலத்துக்கு ஒத்துவராது. நட்சத்திரத் தலைத் திருகாணி 1930களுக்குப் பிந்தியது. ஆனால் ஒரு திருகாணியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், பிறகு மாற்றியிருக்கலாம்.

வட்ட மேசைக்கு அளவுநாடா போதும். மரம் நார் ஓடும் திசையில் சுருங்குவதில்லை என்றே சொல்லலாம், குறுக்கே சுருங்கும். ஆகவே பழைய ஒற்றைப் பலகை வட்டம் குறுக்கே சில மில்லிமீற்றராவது குறைந்திருக்கும்.

உளுத்த துளை பழமைக்குச் சாட்சியில்லை. பூச்சி வெளியேறும் வாய் சின்ன வட்டமாக இருக்கும். மேற்பரப்பில் நீளவாட்டில் திறந்த வாய்க்கால் தெரிந்தால், ஏற்கெனவே உளுத்த மரத்தைப் பிறகு அறுத்துச் சீவியிருக்கிறார்கள்.

‘மெரீட்’ என்று ஒரு சொல் வரும். ஓர் அலுமாரியின் மேல்பாதியை இன்னொன்றின் கீழ்பாதியில் ஏற்றியது. இரண்டின் பின்பலகையும் மூட்டும் ஒரே கை வேலையா என்று பாருங்கள். பின்பக்கம் ஒன்றில் முதிரை, மற்றதில் பலா என்றால் ஏன் என்று கேளுங்கள்.

பட்டினா என்பது அழுக்கல்ல. கை பட்டும் காற்றும் வெளிச்சமும் பட்டும் மரத்தின் மேல்தோல் நிறம் மாறிப் படிந்த மெருகு. கை படும் இடத்தில் ஒரு விதம், மூலையில் ஒரு விதம் என்றிருந்தால் சரி. எங்கும் ஒரே கறுப்பென்றால் சாயம். கருங்காலி என்று சொன்னாலும், அடியில் மறைவான இடத்தில் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெளிறித் தெரிகிறதா என்று பார்க்கலாம்.

வாங்கியபின் அரத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்த மேல்தோல் போய்விடும், விலையும் கூடவே. பழைய பூச்சு அரக்கு பொலிஷா என்று அறிய, மறைவான இடத்தில் மெதிலேட்டட் ஸ்பிரிட் ஒரு துளி: அரக்கு இளகிப் பிசுபிசுக்கும், பொலியூரிதேன் என்ற இக்காலச் செயற்கைப் பூச்சு அசையாது. வாவிக்கரை வீடென்றால் காலடியில் ஈரம் ஏறும், கறையானும் வரும். கால்களைத் தரையிலிருந்து சிறிய மரக்கட்டையில் உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைக்கு அனுப்பும் எண்ணமிருந்தால், 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டத்தின்படி அனுமதி தேவையா என்று தொல்பொருள் திணைக்களத்தில் முதலில் கேளுங்கள். காசு கொடுத்த பிறகல்ல.