அம்மம்மாவின் பவுண் காசு

கேள்வி: ஐயா, அம்மம்மா எனக்கு ஒரு தங்கக் காசு தந்தவர். குதிரையில் தலைக்கவசத்தோடு ஒருவர், குதிரையின் காலடியில் பாம்பு மாதிரி ஒன்று. இது ரோமர் காசு என்கிறான் தம்பி. அவன் பார்த்த வீடியோவில் ரோமக் காசுகளில் அரசனின் முகத்தை உளியால் வெட்டியிருந்ததாம். ஏன் அப்படி?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: இல்லை மகள், அது இங்கிலாந்துப் பவுண். குதிரையில் இருப்பவர் புனித ஜோர்ஜ், கீழே கிடப்பது டிராகன். பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியர் செதுக்கிய இந்த உருவம் 1817இல் காசில் ஏறியது. கவசமும் பறக்கும் மேலாடையும் பழைய ரோமச் சிற்பம் போலவே இருக்கும், தம்பி மயங்கியதில் பிழையில்லை. நாம் 8 கிராமை ஒரு பவுண் என்பதும் இந்தக் காசை வைத்துத்தான்.

ரோமர் தங்கக் காசு ஔரியஸ். ரோமின் முதல் பேரரசன் அகஸ்டஸ் காலத்தில் அதுவும் ஏறத்தாழ இதே நிறை. பின்னால் வந்த பேரரசன் நீரோ அதை 7.3 கிராம் அளவுக்குக் குறைத்துவிட்டான். ஒரு பக்கம் அரசனின் தலை, மறுபக்கம் அவன் ஊருக்குச் சொல்ல விரும்பிய செய்தி. அகஸ்டஸின் காசொன்றில் இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள், நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும். அவனுடைய பேரர்கள் கையஸும் லூசியஸும்; எனக்குப் பிறகு இவர்கள்தான் என்ற அறிவிப்பு. இருவரும் தாத்தாவுக்கு முன்பே போய்விட்டார்கள். அந்த உருவம் பதித்த காசுகளோ கடல் கடந்து தென்னிந்தியா வரை வந்திருக்கின்றன. அடுத்து வந்த திபேரியஸின் காசில் ஒரு பெண் அமர்ந்திருப்பாள், ஒரு கையில் செங்கோல், மற்றதில் இலைக்கொப்பு. அவன் தாய் லிவியாவின் சாயல் என்பார்கள்.

சரி, அந்த வெட்டு. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் 501 தங்கக் காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் அரசனின் தலைமேல் உளிவெட்டு. உள்ளே செம்பா என்று சோதித்தார்கள் என ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. ஆரையம்பதியில் அப்பாவின் பட்டறையில் வளர்ந்தவன் நான். அவர் உரைகல்லில் உரசுவார்; மிஞ்சினால் விளிம்பில், கண்ணுக்குப் படாத இடத்தில் கீறுவார். முகத்தில் உளி வைக்கவே மாட்டார். முகத்தைக் கெடுத்தது, 'இனி இது அந்த அரசனின் காசல்ல, நிறுத்து வாங்கும் பொன்' என்று காட்டத்தான் என்போர் பக்கமே நான்.

நிறைதான் பெரிது என்று நம் தீவிலும் ஒரு அரசன் நினைத்தானாம். ரோமப் பேரரசன் கிளாடியஸ் காலத்தில் இங்கு வந்து சேர்ந்த ஒரு ரோமனிடம் இருந்த வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு அரசர் முகங்கள், ஆனால் எல்லாம் ஒரே நிறை. அதைக் கண்டு ரோமரின் நேர்மையை வியந்து, தூதரை அனுப்பினான் என்று அக்கால ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்.

உங்கள் காசையும் ஒருமுறை தராசில் வையுங்கள், 7.98 கிராம் வர வேண்டும். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்திருந்தால் சற்றுக் கூடும். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம் மகள், குதிரையின் காலடியில் உள்ள ஆண்டு அழிந்துபோகும்.