சென்னை–தனுஷ்கோடி கடலோரப் பயணம்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சார், ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) ஒரே நாளில் தனுஷ்கோடி போய்விடலாமா? அம்மாவும் 2 பிள்ளைகளும் வருகிறார்கள்.

பதில்: ஏறக்குறைய 600 கி.மீ. வண்டி போய்ச் சேரும், கடலைத்தான் பார்த்திருக்க மாட்டீர்கள். வேளாங்கண்ணியில் ஓர் இரவு தங்குங்கள். புதுச்சேரிக்குத் தெற்கே ஊருக்கு ஊர் நெரிசல். மணிக்கு 45 கி.மீ. என்றே கணக்குப் போடுங்கள். பெயர்தான் கடலோரச் சாலை, பாதி தூரம் கடல் கண்ணில் படாது. மரக்காணம் உப்பளம் சாலையிலிருந்தே தெரியும். தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் தொடங்கிய கோட்டைக்கு எதிரேயே கடல். அதற்குச் சாலையை விட்டு உள்ளே திரும்ப வேண்டும்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பதில்: ஜனவரி, பிப்ரவரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம், வேண்டாம்.

கேள்வி: அண்ணா, கடற்கரை மணலில் கார் புதைந்தால் என்ன செய்வது?

பதில்: முதலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சக்கரம் சுற்றச் சுற்ற மணலைத் தோண்டும்; வண்டியின் அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிட்டால் டிராக்டர்தான் வரவேண்டும். எல்லோரையும் இறக்கிவிட்டு, டயரைச் சுற்றியுள்ள மணலைக் கையால் வாரிச் சரிவாக்குங்கள். காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் தட்டையாகப் பரவி மணலில் அமுங்காது. வந்த தடத்திலேயே, ஸ்டியரிங்கை நேராக வைத்து, ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். பனை ஓலை கிடைத்தால் சக்கரத்தடியில் செருகலாம், ஆனால் டயருக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, ஓலை பறந்து வந்து அடிக்கும். தார்ச்சாலை ஏறியதும் காற்று அடிக்காமல் வேகம் எடுக்காதீர்கள். 12 வோல்ட் பம்ப் ஒன்று டிக்கியில் இருக்கட்டும்.

கேள்வி: பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா?

பதில்: பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, அதுவும் முழங்கால் ஆழம் மட்டும். இருபக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகக் கிடந்தால் ஏமாறாதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பி ஓடும் வழி அது. அதில் இழுபட்டால் கரையை நோக்கி நீந்திக் களைத்துப்போக வேண்டாம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் திரும்புங்கள். தனுஷ்கோடியின் கோடியில் உள்ள அரிச்சல்முனையில் ஆண் கடலும் (மன்னார் வளைகுடா) பெண் கடலும் (வங்கக் கடல்) சேருகின்றன. அங்கே கால்கூட நனைக்க வேண்டாம் என்பேன்.

கேள்வி: அரிச்சல்முனைக்கு எத்தனை மணிக்குப் போகலாம்?

பதில்: பிற்பகல் 3 மணிக்குள் போய்விடுங்கள், மாலையில் போலீஸ் திருப்பி அனுப்பிவிடும். பெட்ரோலை ராமேஸ்வரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: உப்புக்காற்று வண்டியைக் கெடுக்குமா?

பதில்: ஒரு பயணத்தில் துரு ஏறிவிடாது. வீடு திரும்பியதும் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காலையில் கண்ணாடியில் உப்பும் மணலும் படிந்திருக்கும்; வைப்பரை அப்படியே போட்டால் கீறல் விழும். ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போடுங்கள்.