கிடார் கேபினட்டுக்கு 300 வாட் ஸ்பீக்கர் தேவையா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் கோவில் பாடகர் குழுவுக்கு கிடார் வாசிக்கிறோம். 100 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப், பின்பக்கம் ‘குறைந்தபட்சம் 4 ஓம்’ என்று இருக்கிறது. கேபினட்டில் 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, ஒவ்வொன்றும் 8 ஓம். சில மாதமாகச் சத்தம் குறைந்து கரகரக்கிறது. மதுரையில் ஒருவர், 300 வாட், 4 ஓம் ஸ்பீக்கராக இரண்டு போட்டால் ஊரே அதிரும் என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பக்க இணைப்பில் (பேரலல்) இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்தால் ஓம் பாதியாகும்: இப்போது 8 ஓம் இரண்டு சேர்ந்து 4. 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டை அப்படியே மாட்டினால் மொத்தம் 2 ஓம். உங்கள் ஆம்ப் 4-க்குக் கீழே தாங்காது. திருவிழாவில் இரண்டாம் பாட்டுக்குள் சூடேறி நின்றுவிடும், அல்லது அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். அப்போது அதே ஆள் ஆம்பையும் மாற்றச் சொல்வார்.

வாங்குவதற்கு முன் பழையதைச் சோதியுங்கள். ஆம்பை அணைத்து, கேபினட்டுக்குப் போகும் வயரை ஆம்பிலிருந்து உருவி, அதன் பிளக்கில் மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பிடியுங்கள். 3 முதல் 3.5 வரை காட்டினால் இரண்டு ஸ்பீக்கரும் இணைப்பில் இருக்கின்றன. (8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6, 7 என்றுதான் காட்டும், அது பழுதல்ல.) 6 அல்லது 7 காட்டினால் ஒன்று செத்திருக்கிறது, அல்லது அதன் வயர் விட்டுப்போயிருக்கிறது. எண் குதித்துக்கொண்டே இருந்தால் ஜாக்கையும் ஸ்பீக்கரின் தகட்டு முனைகளையும் பாருங்கள். பாம்பன், மண்டபம் பக்கத்து உப்புக்காற்றில் அங்கே களிம்பு ஏறாமல் இருந்தால்தான் அதிசயம். காண்டாக்ட் கிளீனரும் நைஸ் உப்புத்தாளும் போதும். அடுத்து கோனை (ஸ்பீக்கரின் காகிதப் புனல்) இரு பக்கமும் விரலால் சமமாக, மெல்ல அழுத்துங்கள். உள்ளே உரசினால் அதன் காயில் (கம்பிச்சுருள்) போய்விட்டது. அதற்குத்தான் புது ஸ்பீக்கர்.

வாட் என்பது ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதற்கான கணக்கு, எவ்வளவு சத்தம் தரும் என்பதற்கல்ல. சத்தத்துக்கு விவரத்தாளில் ‘சென்சிடிவிட்டி’ என்று டெசிபலில் ஓர் எண் இருக்கும்: ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் என்று. செலஸ்டியன் (Celestion) கம்பெனியின் ஜி12டி-75 ஸ்பீக்கர் தாங்குவது 75 வாட், தருவது 97 டெசிபல். அதே கம்பெனியின் விண்டேஜ் 30 தாங்குவது 60 வாட்தான், தருவது 100 டெசிபல். 3 டெசிபல் கூடினால் ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். இந்த எண்ணை அட்டைப்பெட்டி மேல் பெரிதாகப் போட பல கம்பெனிகளுக்கு மனம் வராது. வாட்டை மட்டும் கொட்டை எழுத்தில் போடுவார்கள்.

உங்கள் 100 வாட் இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொன்றுக்கும் 50. ஓவர்டிரைவ் (வேண்டுமென்றே கரகரக்க வைப்பது) போட்டால் அதற்கு மேலும் போகும். ஒவ்வொன்றும் 60 முதல் 80 வாட் வரை தாங்கும் 8 ஓம் ‘கிடார் ஸ்பீக்கர்’ போதும். மேடை மைக் செட்டுக்கான வூஃபர் வேண்டாம்; அது பாஸுக்குச் செய்தது, கிடார் அதில் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கும்.

ஒரு விதிவிலக்கு, கவனமாகப் படியுங்கள். மேலே சொன்னது டிரான்சிஸ்டர் ஆம்புக்கு. அதில் ஓம் கூடினால் சத்தம் கொஞ்சம் குறையும், வேறு கெடுதல் இல்லை. வால்வு ஆம்ப் அப்படியல்ல. அதற்குள் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது: 8 ஓம் துளைக்கு 8 ஓம் கேபினட், 16 துளைக்கு 16. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. ஸ்பீக்கரே மாட்டாமல் வால்வு ஆம்பை வாசித்தால் டிரான்ஸ்ஃபார்மர் எரியலாம். நண்பரின் வால்வு ஆம்பை இரவல் வாங்கி உங்கள் 4 ஓம் கேபினட்டில் மாட்டும் முன், அதில் 4 ஓம் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும்போது பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். கோன் ஓரத்தில் பசை வழிந்திருந்தால், திருகுத் துளையைச் சுற்றிக் கீறல் இருந்தால், அது கோன் மாற்றிய பழைய சரக்காக இருக்கலாம். கடையிலேயே மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மாடல் எண்ணும் ஓமும் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் நகரக் கூடாது. “வாரண்டி நான் பார்த்துக்கிறேன்” என்னும் இடைத்தரகர் கமிஷன் வாங்கிய மறுநாள் போனை எடுக்கமாட்டார். கேபினட் விற்கும் சில கம்பெனிகளும் உள்ளிருக்கும் ஸ்பீக்கரின் பெயரை மறைத்தே விற்கின்றன. இந்த ஆட்கள் பிழைப்பதே அதனால்தான்.

மாட்டுவது அரைமணி வேலை. பழைய இணைப்பை போனில் படமெடுங்கள். கேபினட்டை முகம் கீழாகப் படுக்க வையுங்கள். காந்தம் ஸ்குரூடிரைவரை இழுக்கும், கை தவறினால் கோன் கிழியும். இன்னொரு கை கோனை மறைத்தபடி இருக்கட்டும். திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். டிரில் வைத்து முறுக்கினால் ஃபிரேம் கோணும், காயில் உரசும். உப்பீரத்தில் பலகை ஊறித் திருகு பிடிக்காவிட்டால் பின்னால் பிளைவுட் துண்டு ஒட்டுங்கள். வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புப் பிரி வயர். கிடார் கேபிளை இங்கே பயன்படுத்தவே கூடாது. முனைகளைச் சொருகிவிட்டு மேலே சால்டரும் வையுங்கள், களிம்பு தாமதமாகும்.

கடைசியாக, 9 வோல்ட் பேட்டரியை, ஆம்பிலிருந்து உருவிய கேபினட் பிளக்கில் ஒரு நொடி தொடுங்கள்: பாசிட்டிவ் நுனியில், நெகட்டிவ் கழுத்தில். இரண்டு கோனும் முன்னால் வர வேண்டும். ஒன்று முன்னும் ஒன்று பின்னும் போனால் ஒன்றின் வயர் தலைகீழ். அப்படியே வாசித்தால் பாஸ் காணாமல் போகும். அந்த இரு வயரை இடம் மாற்றினால் போதும்.