ஹெட்செட்டும் போனும் சேரமாட்டேன் என்கிறதா? வாசகர் கேள்வி – பதில்

புளூடூத் ஹெட்செட் பற்றி எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிப் பேர் "கெட்டுப்போச்சு, கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா" என்றுதான் கேட்கிறார்கள். அவசரப்படாதீர்கள். ஹெட்செட் நன்றாகவே இருக்கும்; வேறொரு போனைப் பிடித்துக்கொண்டு இருக்கும், அவ்வளவுதான்.

நெக்பேண்ட் வாங்கினேன். விடுமுறைக்கு வந்த பேரன் அவன் போனில் போட்டுக் காட்டியபோது அருமையாகப் பாடியது. என் போனில் தேடினால் பெயரே வரவில்லை. ஆன் ஆகிறது, நீல விளக்கு எரிகிறது. என்ன செய்ய?
– வாசகர், காரைக்குடி

பேரன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாரா ஐயா? அப்படியானால் காரணம் அதுவேதான். ஹெட்செட்டை ஆன் செய்ததும் அது முதலில் செய்கிற வேலை, கடைசியாகச் சேர்ந்த போன் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுவது. பேரன் போன் மாடியில் கிடந்தாலும் சரி, கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட பிறகு பெரும்பாலான ஹெட்செட்டுகள் மற்ற போன்களுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளாது, அதனால்தான் உங்கள் போனில் பெயர் வரவில்லை.

முதலில் பேரன் போனில் புளூடூத்தை அணையுங்கள். நெக்பேண்டையும் அணைத்துவிட்டு, ஆன் பட்டனை அழுத்தியபடியே இருங்கள். விளக்கு எரிந்ததும் எல்லோரும் கையை எடுத்துவிடுகிறார்கள், அங்கேதான் தவறுகிறது. ஆன் ஆவது வேறு, ஜோடி சேரத் தயாராவது வேறு. இன்னும் சில விநாடிகள் விடாமல் அழுத்தினால் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும், அல்லது 'பேரிங்' என்று காதில் ஒரு குரல் கேட்கும். (சில மாடல்களில் இதற்குத் தனிப் பட்டன் உண்டு, பெட்டியில் இருக்கும் துண்டுத்தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.) அந்த நேரத்தில் உங்கள் போனில் புளூடூத் பக்கம் திறந்திருக்க வேண்டும். பெயர் தானாக வந்து நிற்கும், தொட்டால் போதும்.

இன்னொரு விஷயம். ஜோடி சேரும்போது போனும் ஹெட்செட்டும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு பக்கம் சேமித்து வைத்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் அழிந்து மறுபக்கம் மிச்சமிருந்தால் 'கனெக்டிங்' என்று சுற்றிச் சுற்றி நின்றுபோகும். அப்போது போனில் அந்தப் பெயரைத் தொட்டு 'ஃபர்கெட்' அல்லது 'அன்பேர்' கொடுத்து, ஹெட்செட்டையும் ரீசெட் செய்து, புதிதாகச் சேர்க்க வேண்டும். போனின் நெட்வொர்க் செட்டிங் முழுவதையும் ரீசெட் செய்யச் சொல்லி யாராவது கிளம்பினால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு வைஃபை பாஸ்வேர்டும் சேர்ந்தே போய்விடும்.

அலமாரியில் கிடந்த பழைய ஒற்றைக் காது ஹெட்செட்டை எடுத்தேன். ஏதோ பின் நம்பர் கேட்கிறது. நம்பர் கிடைத்தால் இதில் பாட்டுக் கேட்க முடியுமா?
– வாசகர், தேவகோட்டை

0000 போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் 1234. பழைய ஹெட்செட்டுகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். 2007-இல் வந்த புளூடூத் 2.1-க்குப் பிறகு ஹெட்செட்டுகளுக்கு இந்த நம்பர் தேவைப்படவில்லை. பாட்டு விஷயம் கொஞ்சம் சிரமம். போன் பேசுவதற்கு ஒரு வழி, பாட்டுக்கு வேறு வழி என்று புளூடூத்தில் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். பாட்டுக்கான வழியின் பெயர் ஏ2டிபி. அது இல்லாத ஹெட்செட்டில் அழைப்பு மட்டும்தான் வரும், எந்த செட்டிங்கிலும் அதைக் கொண்டுவர முடியாது. ஆனால் புது ஹெட்செட்டிலும் பேச்சு வருகிறது, பாட்டு வரவில்லை என்றால் கவலை வேண்டாம். போனில் அதன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைத் தொட்டு 'மீடியா ஆடியோ' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆன் செய்தால் சரியாகிவிடும்.

எங்களுடையது பழைய வீடு. போனை முகப்பில் சார்ஜில் போட்டுவிட்டு ஹெட்செட்டோடு அடுப்படிக்குப் போனால் இரண்டாம் கட்டிலேயே அறுந்துவிடுகிறது. பெட்டியில் 10 மீட்டர் என்று போட்டிருக்கிறார்களே?
– வாசகி, கானாடுகாத்தான்

ஆச்சி, அந்த 10 மீட்டர் நடுவில் எதுவும் இல்லாத இடத்துக்கான கணக்கு. நம் பக்கத்து வீடுகளோ ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைப்புறமுமாக நீளுகிறவை. போதாததற்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள். புளூடூத் வேலை செய்யும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஒவ்வொரு சுவரைத் தாண்டும்போதும் மெலியும். சுவர் கனமாக இருந்தால் இழப்பும் அதிகம். இதற்கு ஹெட்செட்டைக் குறை சொல்வது நியாயமில்லை, அந்த வீட்டில் எந்த நிறுவனத்துடையதை வாங்கினாலும் இப்படித்தான் இருக்கும்.

போனை முகப்பில் வைக்காமல் வளவில் (உள்முற்றத்தில்), கதவுக்கு நேராகப் பார்க்கும்படி ஒரு இடத்தில் வையுங்கள். திறந்த வாசல் வழியாக அலை சுலபமாகப் போய்வரும். அப்புறம், நம் உடம்பே ஒரு தடைதான். உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், தண்ணீர் இந்த அலையை உறிஞ்சும். போன் இடுப்பில் இடப்பக்கமும் மைக் இருக்கும் பட்ஸ் வலக்காதிலும் இருந்தால் விட்டு விட்டுக் கேட்கும். அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் அலை கொஞ்சம் கைகொடுக்கும், வெட்டவெளியில் அதுவும் கிடையாது. வீட்டுக்குள் சரியாக இருந்தது, கண்மாய்க் கரையில் நடக்கும்போது அறுகிறது என்று எழுதிய கோட்டையூர் வாசகருக்கும் இதுவே பதில். போனை அதே பக்கத்துக்கு மாற்றுங்கள், சட்டைப்பை இன்னும் நல்லது.

அடுப்படியில் மைக்ரோவேவ் இருந்தால் அதுவும் இதே அலைவரிசைதான், வைஃபையும் பெரும்பாலும் அப்படியே. மோதலைத் தவிர்க்கத்தான் புளூடூத் விநாடிக்கு 1600 முறை வரை தடம் மாறுகிறது. அப்படியும் சமாளிக்க முடியாத இடத்தில் போனின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள்.

பட்ஸில் ஒரு காது மட்டும் கேட்கவில்லை. வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை.
– வாசகர், பள்ளத்தூர்

பெட்டிக்குள் அந்தப் பக்கம் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். வியர்வையும் காது அழுக்கும் சார்ஜ் ஏறும் அந்தச் சின்னப் பித்தளை நிறப் புள்ளிகளில் படிந்துவிடும். காய்ந்த பஞ்சால் துடைத்து, ஒரு மணி நேரம் பெட்டியில் வைத்துவிட்டுப் பழைய ஜோடியை நீக்கி மறுபடி சேருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் வாரன்டியில் கொடுங்கள்.

கேள்வி இல்லை, சந்தோஷத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அப்பத்தாவின் காது மிஷினை அவர்கள் போனோடு சேர்த்துவிட்டோம். புளூடூத் பக்கத்தில் தேடித் தேடி அலுத்து, கடைசியில் அது வேறு இடத்தில் இருந்தது. இப்போது சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா பேசுவது மிஷினுக்குள்ளேயே கேட்கிறது. அப்பத்தா பேசுவதுதான் அவருக்குச் சன்னமாகக் கேட்கிறதாம்.
– வாசகி, தேவகோட்டை

இந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் இது. நீங்கள் அலைந்த அந்த இடத்தை மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஐபோனில் செட்டிங்ஸில் 'ஆக்ஸசிபிலிட்டி', அதற்குள் 'ஹியரிங் டிவைசஸ்'. ஆண்ட்ராய்டிலும் பல போன்களில் ஆக்ஸசிபிலிட்டிக்குள்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10 முதல் இதற்கென்றே ஆஷா என்ற முறை உண்டு, ஆனால் போன், மிஷின் இரண்டுமே அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வாங்கும் முன் கடையில் உங்கள் போனையே கொடுத்துச் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். சேர்ப்பதற்கு முன் பல மிஷின்களில் பேட்டரிக் கதவைத் திறந்து மூட வேண்டும், சார்ஜ் வகை என்றால் சார்ஜரிலிருந்து எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு சில நிமிடங்கள்தான் அது ஜோடிக்குக் காத்திருக்கும்.

சித்தப்பாவுக்குச் சன்னமாகக் கேட்பதற்கும் காரணம் உண்டு. இந்த வகை மிஷின்கள் பலவற்றில் எதிர்முனைப் பேச்சு காதுக்கு வரும், ஆனால் அப்பத்தாவின் குரலைப் பிடிப்பது போனின் மைக்தான். போன் ஊஞ்சலில் கிடந்தால் குரல் எட்டாது. கையில் பிடித்து, அடிப்பக்கம் வாய்க்குப் பக்கத்தில் வரும்படி வைத்துப் பேசச் சொல்லுங்கள்.