நிலக்காட்சி மென்பொருள்: எதை வாங்கலாம், எதற்குப் பணம் கொடுக்கக் கூடாது

கேள்வி (வேலூர்): கணினியில் மலை, காடு, ஏரி என்று நிலக்காட்சி செய்யக் கற்றுக்கொள்ள ஆசை. 'வியூ' மென்பொருளுக்கு 'லைஃப்டைம் கீ' தருவதாக விளம்பரம் செய்த ஒருவரிடம் 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். யூபிஐயில் பணம் போனதும் ஒரு ஜிப் கோப்பு வந்தது. உள்ளே இருந்த குறிப்பின் முதல் வரி: 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்.' அப்படியே செய்தேன். இரண்டே நாளில் மென்பொருள் நின்றுவிட்டது. அந்த ஆளின் போனும் ஸ்விட்ச் ஆஃப்.

பதில்: முதலில் கணினியைக் கவனியுங்கள், பணம் அப்புறம். இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஏற்றிய கோப்பு என்னென்ன செய்திருக்கும் என்று தேடிக் கண்டுபிடிப்பதைவிட அது சுலபம். அடுத்து 1930-க்கு அழையுங்கள். இணைய நிதி மோசடிக்கான எண் அது. யூபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யூடிஆர் எண் இருக்கும், அதைக் கேட்பார்கள். வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். விளம்பரம் மறைவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறுவதற்குள் தடுக்க வழியுண்டு.

உங்களை நான் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் இந்த வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேசியே ஆக வேண்டும், மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வருகிறது. நீங்கள் 3,500 ரூபாய் கொடுத்த வியூ இலவசம். அதைத் தயாரித்த ஈ-ஆன் நிறுவனத்தை 2015-இல் பென்ட்லி சிஸ்டம்ஸ் வாங்கியது. 2024-இல் மேம்பாட்டை நிறுத்திவிட்டு, வியூவையும் மரம் செடி செய்யும் பிளான்ட்ஃபேக்டரியையும் கட்டணமில்லாமல் கொடுத்துவிட்டார்கள். முப்பரிமாணக் காட்சி செய்யும் பிளெண்டர் என்றைக்குமே இலவசம். நிலக்காட்சி செய்யும் டெராஜெனுக்கு இலவசப் பதிப்பு உண்டு. மலை, பள்ளத்தாக்கு வடிவம் செய்யும் கையாவுக்கும் வேர்ல்டு மெஷினுக்கும் அளவு குறைந்த இலவசப் பதிப்புகள் உண்டு. தொடங்குகிறவருக்குத் தேவையான கருவி எல்லாம் தயாரித்தவர்கள் தளத்திலேயே கிடக்கிறது. தெரியாதவரைப் பார்த்துத்தான் வலை விரிக்கிறார்கள்.

பிளெண்டரின் உரிமம், யாரும் பயன்படுத்தலாம், பகிரலாம் என்ற பொது உரிமம். அதைக் காசுக்குக் கொடுப்பதை அந்த உரிமம் தடுப்பதில்லை. ஆனால் பெயரை மாற்றி, இலவசமாகக் கிடைக்கும் என்பதை மறைத்து, தன் சரக்கு போல விற்பது வேறு. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைத்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது தவறான விளம்பரம். 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம். மாவட்ட ஆணையத்துக்குப் போனால் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எந்த உரிமத்தையும் வாங்குமுன் மூன்றே கேள்வி கேளுங்கள்: உரிமம் என் மின்னஞ்சலில் பதிவாகுமா? ஜிஎஸ்டி எண்ணோடு பில் தருவீர்களா? தயாரிப்பாளர் தளத்தில் இதே பொருள் என்ன விலை? மூன்றாவதற்கு நீங்களே விடை பார்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை.

ஒன்று மட்டும். மேம்பாடு நின்றுபோன மென்பொருள் என்பதால் வியூவையே நம்பித் தொழில் தொடங்காதீர்கள். கற்றுக்கொள்ள நல்லது.

கேள்வி (திருச்சி): டெராஜென் இலவசப் பதிப்பில் ஒரு மணி நேரம் ரெண்டர் (காட்சியைக் கணித்துப் படமாக்குவது) போட்டாலும் என் மலை மணல் குவியல் மாதிரியே வருகிறது. காசு கொடுத்துப் பெரிய பதிப்பு வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. காசு கொடுத்தால் பெரிய படமும் கூடுதல் வசதியும் வணிக உரிமையும் கிடைக்கும். மலை குவியலாகத் தெரிவதற்குக் காரணம் வேறு.

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே பாருங்கள். அருகிலுள்ள குன்றில் பச்சை தெரியும், பாறை தெரியும். அதன் பின்னால் உள்ள மலை நீலம். அதற்கும் பின்னால் இருப்பது வானத்தோடு கலந்த ஒரு கோடு. இடையில் இருக்கும் காற்று நீல ஒளியைச் சிதறடித்து, தூரத்து மலையின் நிழல்களை வெளிறச் செய்கிறது. இவ்வளவு தூரத்தை அளக்க நம் கண்ணுக்கு இது முக்கியமான துப்பு. உங்கள் படத்தில் காற்றே இல்லை. பின்மலையும் முன்மலையும் ஒரே கறுப்பு நிழலோடு இருந்தால் கண் அதை மேசை மேல் வைத்த குவியல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அட்மாஸ்பியரில் ஹேஸ் (காற்று மூட்டம்) அடர்த்தியைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். கடைசி மலையின் நிழல் வான நிறத்துக்கு நெருங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது கேமரா. டெராஜெனில் ஓர் அலகு ஒரு மீட்டர். நீங்கள் 60 மீட்டர் உயரத்தில் வைத்திருப்பீர்கள், பெரும்பாலும் எல்லோரும் செய்வது அது. தரையிலிருந்து 1.7 மீட்டருக்கு இறக்குங்கள், ஆள் நிற்கும் உயரம். உடனே மலை எழும். மூன்றாவது சூரியன். உச்சி வெயிலில் பாறையில் மடிப்பு தெரியாது. எலிவேஷனை (அடிவானத்துக்கு மேல் சூரியனின் கோணம்) 8 முதல் 15 டிகிரிக்குள் வைத்து, ஒளி பக்கவாட்டில் விழும்படி திருப்புங்கள். நான்காவது, முன்தரையில் உள்ள கற்கள். மேடுபள்ளத்தை உருவாக்கும் ஃப்ராக்டலில் 'ஸ்மாலஸ்ட் ஸ்கேல்' ஒரு மீட்டரில் நின்றிருந்தால் காலடியிலுள்ள மண் களிமண் போல வழவழப்பாக வரும், 0.05-க்குக் குறையுங்கள். ஆனால் பாறை மேடுபள்ளத்தின் அளவை மலை அளவுக்கு ஏற்றிவிடாதீர்கள். 2,000 மீட்டர் மலையில் வீடு அளவுக் கட்டிகள் துருத்தினால் மறுபடி குவியல்தான்.

சோதனை ரெண்டர்களைச் சிறிய அளவில், டீடெயில் 0.3-இல் போடுங்கள். ஒரு மணி நேரம் காத்திருந்து தப்பைக் கண்டுபிடிப்பது வீண். இரண்டு நிமிடப் படத்திலேயே ஹேஸ், கேமரா, சூரியன் மூன்றும் தெரிந்துவிடும்.

கேள்வி (சேலம்): பிளெண்டர், டெராஜென் இரண்டும் கற்க லேப்டாப் வாங்க வேண்டும். கடையில் '4 ஜிபி கிராஃபிக்ஸ், எல்லாம் ஓடும்' என்கிறார்கள்.

பதில்: டெராஜென் தன் படத்தைப் பிராசசரில்தான் ரெண்டர் செய்கிறது, அதற்காகக் கிராஃபிக்ஸ் கார்டுக்குச் செலவழித்தால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. பிளெண்டரில் ரெண்டர் செய்யும் பகுதியான சைக்கிள்ஸ் கார்டைப் பயன்படுத்தும், ஆனால் காட்சி கார்டின் நினைவகத்தில் அடங்காவிட்டால் ராமைத் தேடிப் போய் வேகம் குறையும். கணக்கைப் பாருங்கள். ஒரு 4கே டெக்ஸ்சர் (பொருளின் மேல் போர்த்தும் படம்) என்றால் 4,096க்கு 4,096 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட், மொத்தம் 64 எம்பி. ஒரு பாறைக்கு நிறம், நார்மல், ரஃப்னஸ், டிஸ்ப்ளேஸ்மென்ட் என நான்கு படம்: 256 எம்பி. இப்படிப் பத்துப் பொருள் வைத்தால் 2.5 ஜிபி. அதற்குமேல் மரங்கள். 4 ஜிபி திணறும், சில சமயம் 'அவுட் ஆஃப் மெமரி' என்று நின்றும்விடும். 6 ஜிபி குறைந்தபட்சம், 8 நிம்மதி. ராம் 16 ஜிபி, இரண்டு பட்டைகளாக. பிறகு ராமைக் கூட்ட முடியுமா என்றும் கேளுங்கள்.

இன்னொன்றைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டில் ஓடும் லேப்டாப்பும் உண்டு, 115 வாட்டில் ஓடுவதும் உண்டு. பெட்டியில் பெயர் மட்டும் பெரிதாக இருக்கும். மாடல் எண்ணைக் குறித்து வந்து, தயாரிப்பாளர் தளத்தில் வாட் அளவைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

இருக்கிற கார்டிலேயே சமாளிக்கவும் வழி உண்டு: தூரத்துப் பாறைக்கு 1கே டெக்ஸ்சர் போதும், அது 4 எம்பிதான். மரத்தை நகலெடுக்க ஷிஃப்ட்-டி அடிக்காதீர்கள், ஆல்ட்-டி அடியுங்கள். முன்னது ஒவ்வொரு மரத்தையும் தனியாக நினைவகத்தில் ஏற்றும். பின்னது ஒரே மரத்தை ஆயிரம் இடத்தில் காட்டும்.

கேள்வி (குன்னூர்): இணையக் கடையில் 'அல்ட்ரா எச்டி ஹைட்மேப் தொகுப்பு' (நில உயரத்தைக் கறுப்பு வெள்ளையாகக் காட்டும் படங்கள்) வாங்கினேன். மலையில் ஏற்றினால் சரிவெல்லாம் எங்கள் ஊர் தேயிலைத் தோட்டம் போலப் படிப்படியாக வருகிறது.

பதில்: கோப்பின் பின்னொட்டைப் பாருங்கள், ஜேபெக் என்று இருக்கும். அது 8 பிட். கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 நிலைகள்தான். 2,000 மீட்டர் மலையை 256 ஆல் வகுத்தால் ஒரு நிலைக்கு ஏறக்குறைய 8 மீட்டர். அதுதான் அந்தப் படி. 16 பிட்டில் 65,536 நிலைகள், படி 3 சென்டிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. பிக்சல் எண்ணிக்கையைக் கூட்டியோ பிளர் போட்டோ இதைச் சரிசெய்ய முடியாது. பிளர் முகடுகளையும் சேர்த்து மழுக்கிவிடும். நானும் இதே போல 40 படங்கள் கொண்ட ஒரு தொகுப்புக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். ஒன்றுகூடப் பயன்படவில்லை.

பிட் அளவை மறைத்து விற்றிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020 மின்வணிக விதிகள். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

மறுபடி வாங்காதீர்கள். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்புளோரரில் இலவசம். இஸ்ரோவின் புவன் தளத்தில் கார்ட்டோடெம் என்ற உயரத் தரவு இருக்கிறது. இரண்டிலும் ஒரு புள்ளி சுமார் 30 மீட்டர். தொட்டபெட்டாவையே இறக்கிக்கொள்ளலாம். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து, குறைந்த உயரத்தை 0-க்கும் அதிக உயரத்தை 65,535-க்கும் நீட்டி, 16 பிட் பிஎன்ஜியாக மாற்றுங்கள். பிளெண்டரில் ஏற்றும்போது கலர் ஸ்பேஸை 'நான்-கலர்' என்று வையுங்கள். மறந்தால் பள்ளத்தாக்கின் சரிவே மாறிவிடும். 30 மீட்டர் தரவு தூரத்து மலைக்குத்தான். காலடித் தரைக்கு நாய்ஸ் (கணினி தரும் ஒழுங்கற்ற மேடுபள்ளம்) சேர்க்க வேண்டும்.

கேள்வி (மதுரை): மாதச் சந்தா என்று நினைத்து ஒரு படத் திருத்த மென்பொருள் வாங்கினேன். இப்போது ரத்து செய்தால் மீதி மாதங்களுக்கும் கட்டணம் கேட்கிறார்கள். இது அநியாயம் இல்லையா?

பதில்: நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டிலேயே 'ஆண்டுத் திட்டம், மாதந்தோறும் செலுத்தலாம்' என்று விலைக்கு நேர்கீழே இருக்கிறது. படிக்காமல் சம்மதம் கொடுத்துவிட்டு என்னிடம் அநியாயம் என்றால் நான் என்ன செய்வது? ஒப்பந்தத்தில் ரத்து செய்ய இலவச நாட்கள் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தானாகப் பணம் பிடிக்கும் அனுமதியை வங்கிச் செயலியில் நிறுத்தலாம். ஆனால் அதனால் ஒப்பந்தம் ரத்தாகிவிடாது. அடுத்த முறை கிரிட்டாவையோ கிம்ப்பையோ ஏற்றுங்கள். ரெண்டரின் நிறத்தைத் திருத்த அவை தாராளம், சந்தாவும் இல்லை.

கேள்வி (நாகர்கோவில்): பென் டேப்லெட்டில் 4,096 அழுத்த நிலை போதுமா, 8,192 வேண்டுமா?

பதில்: போதும்.

கேள்வி (ஈரோடு): பழைய வழிகாட்டி ஒன்றில், தொடங்குகிறவர்களுக்கு பிரைஸ் (Bryce) என்ற நிலக்காட்சி மென்பொருள்தான் சிறந்தது என்று படித்தேன். என்னிடம் புது மேக் இருக்கிறது.

பதில்: ஓடாது. அது 32 பிட் மென்பொருள். 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து மேக்கில் அவற்றுக்கு இடமில்லை.

கேள்வி (தஞ்சாவூர்): பிளெண்டரில் ஒரு படம் ஒன்பது மணி நேரம் எடுக்கிறது. புதுக் கார்டு வாங்கட்டுமா?

பதில்: வாங்குமுன் சாம்பிள் எண்ணை (ஒரு பிக்சலுக்கு எத்தனை முறை ஒளியைக் கணிப்பது என்பதை) பாருங்கள். சைக்கிள்ஸ் 4,096 என்று வைத்துத்தான் தருகிறது. பகல் நேர வெளிக்காட்சிக்கு 256 வைத்து, நாய்ஸ் திரெஷோல்டை (படத்தில் பொறுத்துக்கொள்ளும் புள்ளிப்பொரிவின் அளவு) 0.01-இலிருந்து 0.05-க்கு ஏற்றி, அந்தப் பொரிவை நீக்கும் டீநாய்ஸரைப் போடுங்கள். இலைகள் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தால் லைட் பாத்தில் 'டிரான்ஸ்பரன்ட்' 8 என்று இருக்கும், 24 ஆக்குங்கள். அதற்குப் பிறகும் ஒன்பது மணி நேரம் என்றால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி (சிவகாசி): டெராஜென் இலவசப் பதிப்பில் செய்த படங்களைக் காலண்டராக அச்சடித்து விற்கலாமா?

பதில்: கூடாது, அந்தப் பதிப்பு வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். உரிமம் வாங்கிச் செய்யுங்கள், அல்லது பிளெண்டரில் செய்யுங்கள். அதில் வரும் படம் உங்களுடையது. 12க்கு 18 அங்குலத் தாளுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3,600க்கு 5,400 பிக்சல் வேண்டும். சுவர்க் காலண்டருக்கு 200 டிபிஐ போதும், 2,400க்கு 3,600. நான்கு ஓரமும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். திரையில் இருட்டாகத் தெரியும் காடு தாளில் இன்னும் இருண்டுவிடும், மொத்தமாக அடிக்கும் முன் ஒரு தாள் சோதனை அச்சு கேட்டு வாங்குங்கள்.