ட்ரோன் கைக்குத் தேன்கூடா, மூங்கிலா?

கேள்வி: மருந்து தெளிக்கும் சிறு ட்ரோனுக்கான கைகளை நைலானில் முப்பரிமாண அச்சுமுறையில் செய்கிறேன். எடையைக் குறைக்க உள்ளே தேன்கூட்டு நிரப்பு இட்டிருக்கிறேன். ஆனால் மோட்டார் தட்டும் கையும் சேரும் மூலையில் விரிசல் விடுகிறது. கைக்குள்ளேயே கம்பிகளும் செல்ல வேண்டும், அதிர்வும் குறைய வேண்டும். இயற்கைப் பொருள்களின் அமைப்பிலிருந்து இதற்கு எதை எடுத்துக்கொள்ளலாம்?

பதில்: அறுகோண அறைகள் இரண்டு உறுதியான தகடுகளுக்கு நடுவே நின்று அவற்றைப் பிரித்துப் பிடிக்கும்போதுதான் பொறியியலில் முழுப் பயனைத் தருகின்றன. உங்கள் கையோ ஒரு முனை பிணைக்கப்பட்டு, மறுமுனையை மோட்டார் மேல்நோக்கி இழுக்க வளையும் நீண்ட உறுப்பு. காற்றில் வளையும் மூங்கிலுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான் என்பதால், நீங்கள் பார்க்க வேண்டியது மூங்கிலை.

மூங்கிலைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், நார்க்கற்றைகள் வெளிச்சுவரை ஒட்டி நெருக்கமாகவும் உட்பக்கம் செல்லச் செல்ல அருகியும் இருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். வளையும்போது இழுப்பும் அமுக்கமும் விளிம்பில்தான் மிகுதி. நடுவில் அவை இல்லை. 20 மி.மீ. விட்டமுள்ள கெட்டித் தண்டின் அதே அளவுப் பொருளை 30 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாயாக மாற்றினால், வளைவை எதிர்க்கும் விறைப்பு 3.5 மடங்காகிறது. ஆகவே நிரப்பைக் குறைத்து, அந்தப் பொருளைக் கையின் வெளிச்சுவராக அச்சிடப்படும் இழைச் சுற்றுகளுக்குக் கொடுங்கள். மூங்கில் நாரின் போக்கில் எளிதில் பிளப்பதுபோல அச்சுப் பொருளும் அடுக்குக்கு அடுக்கு எளிதில் பிரியும் என்பதால், கையைப் படுக்கவைத்து, இழைகள் அதன் நீளவாக்கில் ஓடும்படி அச்சிடுவது மிக முக்கியம்.

ஆனால் சுவரை மெலித்துக்கொண்டே போக முடியாது. வளையும் மெல்லிய குழாயின் வட்ட வாய் முட்டை வடிவாக நசுங்கி, திடீரென மடிந்துவிடும்; 1927இல் இதை ஆராய்ந்தவரின் பெயரால் பொறியாளர்கள் இதைப் பிரேசியர் விளைவு என்கிறார்கள். மூங்கில் இதற்குக் கண்டிருக்கும் விடை கணு. கணுவில் உள்ள குறுக்குத் தட்டு வட்டத்தை வட்டமாகவே வைத்திருப்பதோடு, நீளவாக்கில் ஓடிவரும் பிளவையும் தடுக்கிறது. உங்கள் கையில் மூன்று நான்கு குறுக்குத் தட்டுகளை வைத்து, அவற்றின் நடுத்துளை வழியாகக் கம்பிகளைச் செலுத்தலாம். கம்பி வெளியேறும் துளையை மேற்புறத்திலோ அடிப்புறத்திலோ வெட்டாமல், பக்கச் சுவரின் நடு உயரத்தில் முனைகளை வளைத்து வெட்டுங்கள்.

விரிசல் விடும் மூலைக்கு மட்டும் மூங்கிலை விட்டு மரக்கிளையிடம் போக வேண்டும். தகைவு, அதாவது பொருளுக்குள் எழும் விசையின் செறிவு, மிகும் இடத்தில் மரம் கூடுதல் கட்டை வளர்த்து அதைச் சமப்படுத்துகிறது என்பதை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் கிளவுஸ் மாத்தெக் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அளவுகோல் மட்டும் கொண்டு வரையக்கூடிய ஒரு முறையாகவே தந்தார். மூலையில் 45 பாகையில் ஒரு முக்கோணத்தை நிரப்புங்கள். அதன் சாய்கோட்டின் நடுப்புள்ளியிலிருந்து அடுத்த முக்கோணத்தை 22.5 பாகையிலும், அதற்கடுத்ததை அதில் பாதியிலும் சேர்த்து, முனைகளை மென்மையாக்குங்கள். வழக்கமான கால்வட்ட வளைவைவிட இது பெரும்பாலும் நன்றாகத் தாங்கும். உங்கள் விரிசலுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

அதிர்வுக்கு மூங்கில் காட்டும் வழி, விறைப்பான நார்களுக்கிடையே மென்மையான திசு இருந்து, உராய்ந்து நெகிழ்ந்து ஆற்றலை உறிஞ்சுவது. ஆயினும் கையின் முழு விசையும் ஒரு ரப்பர் அடுக்கு வழியாகவே போகும்படி வைத்தால் விறைப்பு பறிபோகும். ஆகவே மென்மையான அடுக்கை, ட்ரோனை இயக்கும் மின்னணுப் பலகையான கட்டுப்பாட்டுப் பலகையின் அடியில் வையுங்கள்.

புதிய கையைப் பறக்கவிடுமுன் அடிமுனையை இறுகப் பிணைத்து, நுனியில் முறியும்வரை எடையைத் தொங்கவிட்டு, முறிந்த எடையைக் கையின் எடையால் வகுத்து எழுதிவையுங்கள். பறக்கும்போது விசை மேல்நோக்கியது என்பதால், சோதனையில் கையைத் தலைகீழாகப் பிணைக்க வேண்டும். எல்லாக் கைகளும் ஒரே இடத்தில் முறிந்தால், மற்ற இடங்களில் பொருள் வீணாக இருக்கிறது; அங்கிருந்து எடுத்து முறியும் இடத்தில் சேர்த்து மறுபடி அச்சிடுங்கள்.